ஆஃப்-டார்கெட்: ‘குறிதவறல்’ வேண்டாம், ‘போலியிடம்’ சரிவருமா?

வணக்கம்.

மரபணுத் திருத்தத்தில், வெட்டச் சொன்ன இடம் தவிர வெட்டுப்படக்கூடிய வேறிடத்தை ஆஃப்-டார்கெட் என்பார்கள். அதற்குத் தமிழில் திருத்தணி ஐயா ‘குறிதவறல்’ என்று எழுதியிருந்தார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் குறி தவறியது என்றால் அம்பு மானை விட்டு மரத்தில் பட்டது என்றுதானே பொருள்? இங்கே மானிலும் படும், மரத்திலும் படும். டி.என்.ஏ.வை வெட்டும் காஸ்9 என்ற புரதம் நாம் சொன்ன இடத்தையும் வெட்டும், அதைப் போலவே இருக்கும் வேறோர் இடத்தையும் வெட்டலாம். அப்புறம், கிரிஸ்போர், சாப்சாப் மாதிரி மென்பொருள்கள் இந்த இடங்களைப் பட்டியல் போடும்போது யாரும் இன்னும் எதையும் வெட்டவில்லை. நெல் என்றால் அதன் டி.என்.ஏ.வின் சுமார் 39 கோடி எழுத்துகளுக்குள், காஸ்9-க்கு இடம் காட்டும் வழிகாட்டி ஆர்.என்.ஏ.வின் 20 எழுத்துகளோடு ஒத்துப்போகும் இடங்களைத் தேடி, இங்கெல்லாம் ஏமாறலாம் என்று முன்கூட்டியே சொல்கின்றன. நடக்காததைத் தவறு என்பானேன்?

என் பரிந்துரை ‘போலியிடம்’. போலி டாக்டர் ஞாபகம் வரும், தெரியும். நான் இருப்பது நகரியில். இங்கே தெலுங்குக்காரர்கள் குழந்தையைப் பார்த்ததும் ‘நான்ன போலிக’ என்பார்கள், அப்பா சாயலாம். அவர்களிடம் அந்தச் சொல் கெட்டுப்போகவில்லை. நம்மிடமும் இலக்கணத்தில் பத்திரமாக இருக்கிறது. மயல், மையல் முதற்போலி, முதலெழுத்து மாறும். நிலம், நிலன் கடைப்போலி, கடைசி எழுத்து மாறும். ஆனால் பொருள் மாறாது. காஸ்9 படிப்பதும் அப்படித்தான்.

இன்னொரு வேடிக்கை. டி.என்.ஏ.வில் அந்த 20 எழுத்து முடிந்ததும் ஏதோ ஓர் எழுத்து, பிறகு இரண்டு ஜி (டி.என்.ஏ.வின் ஏ, டி, ஜி, சி என்ற நான்கு எழுத்துகளில் ஒன்று). இந்த மூன்றெழுத்து அடையாளத்தைத்தான் காஸ்9 முதலில் பிடிக்கும். அங்கிருந்து பின்னோக்கி ஒப்பிட்டு வரும். அதனால் கடைசிப் பத்துப் பன்னிரண்டு எழுத்துக்குள் பிசகினால் பெரும்பாலும் விட்டுவிடும், முன்பக்கம் மாறினால் அவ்வளவாகக் கண்டுகொள்ளாது. முதற்போலிக்கு ஏமாறும், கடைப்போலிக்கு உஷார்! மென்பொருள்கள் மதிப்பெண் போடும்போது கணக்கில் எடுப்பதும் இந்த இட வித்தியாசத்தைத்தான். போலியிடத்துக்குப் பதில் ‘சாயலிடம்’ என்றும் சொல்லலாம், அழகான சொல், ஆனால் இப்படிப் பிரித்துச் சொல்ல அதில் வழியில்லை.

எங்கள் பக்கம் உலையில் வேகிற சம்பா மசூரி நெல்லின் மரபணுவைத் திருத்தி உருவாக்கிய ரகத்தையே 2025 மே மாதம் அறிவித்துவிட்டார்கள். இனி கடைக்காரரும் கேட்பார், சொல் வாயில் நிற்க வேண்டும்.

ஆன்-டார்கெட்டுக்குக் ‘குறியிடம்’ போதும். பொருந்தாத எழுத்துக்கு மட்டும் சொல் சிக்கவில்லை; ‘பிசகெழுத்து’ என்று இப்போதைக்குப் போட்டிருக்கிறேன். அடிக்க வருகிறவர்கள் வரலாம்.