கரைக்குப் பக்கத்திலேயே ஓட்டுகிற படகுக்கு விஎச்எஃப் ரேடியோ (கடலில் படகுகள் பேசிக்கொள்ளும் வயர்லெஸ் செட்) வேண்டுமா?

கொண்டல்: சென்னைத் துறைமுகத்துக்கு வெளியே சனி, ஞாயிறுகளில் சின்னப் பாய்மரப் படகு ஓட்டுகிறோம், 4, 5 மைலுக்கு மேல் போவதில்லை. செல்போன் சிக்னல் பெரும்பாலும் கிடைக்கிறது, அப்புறம் ரேடியோ எதற்கு என்று வீட்டில் கேட்கிறார்கள்.

உப்புக்கல்: வாங்குங்க சார். போனில் ஒருத்தரைத்தான் கூப்பிடலாம். ஆபத்து அழைப்புக்கான 16-ஆம் சேனலில் பேசினால் பக்கத்தில் போகிற கப்பல், படகு, ரேடியோ போட்டிருக்கிற எல்லாருக்கும் கேட்கும், முதலில் வந்து சேர்வதும் அவர்களாக இருக்கலாம். ஆனால் கையடக்க செட் 5, 6 வாட்தான், படகில் உட்கார்ந்து பேசினால் சில மைல்தான் எட்டும். பாய்மரத்து உச்சியில் ஆன்டெனா வைத்த 25 வாட் செட் வேறு கதை.

நங்கூரம்: டிஎஸ்சி (பட்டனை அழுத்தினால் ஆபத்துச் செய்தி தானாகப் போகும் வசதி) இருக்கிறதா என்று பாருங்கள். மூடிக்குக் கீழே சிவப்புப் பட்டன், சில நொடி அழுத்திப் பிடித்தால் 70-ஆம் சேனலில் உங்கள் படகை அடையாளம் காட்டும் 9 இலக்க எம்எம்எஸ்ஐ எண்ணும் ஜிபிஎஸ் இடமும் போய்விடும். அந்த எண்ணை வாங்கிச் செட்டில் ஏற்றாவிட்டால் பட்டன் வெறும் அலங்காரம். அப்புறம் 16-இல் உயிராபத்து என்று சொல்லும் 'மேடே' மூன்று முறை, படகின் பெயர், இடம், என்ன ஆச்சு, எத்தனை பேர். பேசி முடித்ததும் மைக் பட்டனை விடுங்கள், பதற்றத்தில் அழுத்தியபடியே இருந்தால் பதில் கேட்காது.

கொண்டல்: சரி, லைசென்ஸ்?

உப்புக்கல்: வேண்டும், செட்டுக்கும் பேசுகிறவருக்கும். போனையும் தண்ணீர் புகாத உறையில் எடுத்துப் போங்கள், கடலோரக் காவல்படை எண் 1554.