கையேட்டுக்கு இரண்டு சொற்கள் தேவை: 'எவால்வ்', 'பேட்டல்'

சுங்கை சிப்புட் (மலேசியா), தமிழ்ப்பள்ளி ஆசிரியை:

குழும நண்பர்களுக்கு வணக்கம். எங்கள் பள்ளியின் ஐந்தாம் ஆண்டு மாணவர்கள், கற்பனை உயிரிகளைப் பிடித்து வளர்த்து ஒன்றோடொன்று மோதவிடும் போக்கிமோன் விளையாட்டுக்குத் தமிழில் ஒரு சிறு கையேடு எழுதிவருகிறார்கள். செம்பனைத் தோட்டங்களிலிருந்து பேருந்தில் வரும் பிள்ளைகள். கட்டுரை எழுதச் சொன்னால் நான்கு வரியோடு நிறுத்திவிடுபவர்கள், சார்மண்டர் என்ற உயிரி 16ஆம் நிலையில் சார்மீலியனாகவும் 36ஆம் நிலையில் சாரிசார்டாகவும் மாறுவதைப் பற்றி இரண்டு பக்கம் எழுதித் தருகிறார்கள். வெள்ளிக்கிழமை கோப்பு அச்சகத்துக்குப் போக வேண்டும். இரண்டு சொற்கள் மட்டும் இன்னும் அமையவில்லை.

ஒன்று, உயிரி தன் அடுத்த வடிவத்தை அடைவது. "எவால்வ் ஆயிருச்சு டீச்சர்" என்பது வகுப்பறை வழக்கு. மற்றொன்று, இரண்டு உயிரிகள் முறைவைத்துத் தாக்கிக்கொள்ளும் 'பேட்டல்'. பெயர்ச்சொல் மட்டும் போதாது. 'பி' பொத்தானை அழுத்தி அந்த மாற்றத்தைத் தடுத்துவிடலாம் என்பதால், சொல் வினையாகவும் எதிர்மறையாகவும் இயல்பாக வர வேண்டும். நான் 'பரிணாமம்' என்று எழுதியிருந்தேன். அறிவியல் கற்பிக்கும் சக ஆசிரியரோ, ஒரே உயிரி தன் வாழ்நாளிலேயே மாறுவதைப் பரிணாமம் என்று பிள்ளைகள் மனத்தில் பதியவிட்டால் பிற்பாடு அதைத் திருத்துவது யார் என்று கேட்கிறார். வழிகாட்டுங்கள்.

தைப்பிங், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்:

'பரிணாமம்' வடசொல் என்பதே எனக்குப் போதுமான மறுப்பு. தொல்காப்பியத்தின் உரியியலில் தொல்காப்பியர் "கூர்ப்பும் கழிவும் உள்ளது சிறக்கும்" என்கிறார். முன்பே உள்ள ஒன்று மிகுந்து சிறப்பதுதான் கூர்ப்பு. என் பேரன் மேஜிகார்ப் என்றொரு மீனைக் காட்டினான்; தொடக்கத்தில் அது துள்ளுவதைத் தவிர வேறொன்றும் செய்யாது, அந்தத் துள்ளலாலும் எதிரிக்கு ஒரு கேடும் இல்லை. அதே மீன் 20ஆம் நிலையில் கியாரடோஸ் என்ற நாகமாகச் சீறி எழுகிறது. உள்ளது சிறத்தலுக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு உரையாசிரியர்களுக்கும் வாய்த்திருக்காது. கூர்ந்தது, கூரவில்லை, கூர்வித்தான் என்று தன்வினை, எதிர்மறை, பிறவினை மூன்றும் தடையின்றி வருகின்றன. வேறு சொல் தேட வேண்டியதில்லை.

ஈப்போ:

ஐயா பொறுத்தருள வேண்டும். என் தந்தையார் யாழ்ப்பாணத்திலிருந்து மலாயா ரயில்வே வேலைக்கு வந்தவர். இலங்கையின் உயிரியல் பாடநூல்களில் 'கூர்ப்பு' வெகுகாலமாகப் புழங்குவதை எங்கள் வீட்டில் அனைவரும் அறிவோம். சிக்கலும் அங்கேதான் இருக்கிறது. அங்கே கூர்ப்பு என்றால் தலைமுறை தலைமுறையாக நிகழும் அதே பரிணாமம். ஆகவே அறிவியல் ஆசிரியர் எழுப்பிய தடை கூர்ப்புக்கும் அப்படியே பொருந்தும். வடமொழியை நீக்கினால் பொருட்பிழையும் கூடவே நீங்கிவிடும் என்பது நம் குழுமத்தின் பழைய நம்பிக்கை.

1996இல் ஜப்பானில் இந்த விளையாட்டை உருவாக்கிய சத்தோஷி தஜிரி, சிறுவயதில் பூச்சி பிடித்துச் சேர்த்த பழக்கத்திலிருந்தே அதற்கான எண்ணத்தைப் பெற்றவர். கேட்டர்பி என்ற புழு 7ஆம் நிலையில் மெட்டாபாட் என்ற கூட்டுப்புழுவாகவும், 10ஆம் நிலையில் பட்டர்ஃப்ரீ என்ற வண்ணத்துப்பூச்சியாகவும் ஆவதைப் பாருங்கள். நம் பிள்ளைகள் அறிவியல் பாடத்தில் படம் வரைந்து அம்புக்குறி போடும் வாழ்க்கைச் சுழற்சிதானே அது? 'உருமாற்றம்' என்றே வைக்கலாம்.

கோலகங்சார், மென்பொருள் துறை:

உருமாற்றத்தை இங்கே செலவழித்துவிட்டால் டிட்டோவுக்கு என்ன செய்வது, அக்கா? எதிரில் நிற்கும் உயிரியின் வடிவத்தை அப்படியே எடுத்துக்கொள்வதுதான் டிட்டோவின் தாக்குமுறை. 'உருமாறு' என்பதைத் தவிர அதற்கு வேறு பெயர் பொருந்தாது. கலைச்சொல்லின் முதல் கடமை, ஒரே ஆட்டத்துக்குள் இரண்டு விதிகளைக் குழப்பாதிருப்பது. தனிமடலில் ஒருவர் பரிந்துரைத்த 'படியேறுதல்' வீழ்வதும் இதனால்தான். அனுபவப் புள்ளிகள் சேர்ந்து நிலை ஏறுவது வேறு, வடிவம் மாறுவது வேறு. பிக்காச்சு எத்தனை நிலை ஏறினாலும் இடிக்கல்லைக் கொடுக்காதவரை அதன் அடுத்த வடிவமான ராய்ச்சு ஆகாது.

'கூர்ந்தது' என்பதைத் திரையில் கண்டால் பத்து வயதுப் பிள்ளை பென்சில் சீவியதாகத்தான் நினைக்கும். ஐயாவின் தொல்காப்பியத்தை மதிக்கிறேன்; அந்தப் பிள்ளையையும் மதிக்க வேண்டியிருக்கிறது. பொருட்பிழையைப் பொறுத்தவரை, ஜப்பானிய மூலத்திலேயே உயிரியல் பரிணாமத்தைக் குறிக்கும் 'ஷின்கா' என்ற சொல்லைத்தான் தெரிந்தே ஆண்டிருக்கிறார்கள். மூலம் விளையாட்டாகச் சொன்ன மிகையை மொழிபெயர்ப்பு திருத்த வேண்டியதில்லை. 'பரிணமித்தது', 'பரிணமிக்கவில்லை' என்பவை பிழையற்ற வினைகள். இயங்கலையும் (ஆன்லைன்) புலனமும் (வாட்ஸ்அப்) இந்நாட்டில் பரவியது வேர்ச்சொல் ஆராய்ச்சியாலா, நாளிதழ்கள் விடாமல் எழுதியதாலா என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

தைப்பிங்:

பென்சிலும் கூர்ந்து சிறப்பதுதான், தம்பி. அது நிற்க. வடிவங்களைப் பற்றிப் பேசுவோர் தொல்காப்பியத்தின் மரபியலை மறந்துவிட்டீர்கள். பார்ப்பு, பறழ், குட்டி, குருளை, கன்று, பிள்ளை, மகவு, மறி, குழவி என ஒன்பது இளமைப் பெயர்களைத் தொல்காப்பியர் வகுத்திருக்க, முதல் வடிவத்துக்கு நாம் ஏன் 'ஒன்றாம் கட்டம்' என்று எழுத வேண்டும்? பிக்காச்சு எலி வகை என்கிறான் பேரன். மூங்கா, வெருகு, எலி, அணில் ஆகிய நான்குக்கும் உரியது குட்டி. எனவே அதன் முந்தைய வடிவமான பிச்சு என்பது பிக்காச்சுக் குட்டி. சார்மண்டர் பல்லியினம். பார்ப்பும் பிள்ளையும் பறப்பவற்றின் இளமைப் பெயர்கள் என்றும், தவழ்பவையும் அவ்வாறே என்றும் நூற்பா சொல்கிறது. தவழும் சார்மண்டர் பின்னாளில் சிறகு முளைத்துப் பறக்கும் சாரிசார்டாவதால், அதைப் பார்ப்பு என்பது இரண்டு வகையிலும் பொருந்துகிறது!

போருக்கு வருகிறேன். "மைந்து பொருளாக" வருவது தும்பைத் திணை. நிலத்துக்காகவோ ஆநிரைக்காகவோ அன்றி, வலிமையைக் காட்டுவதற்காகவே பொருவது. இந்த விளையாட்டில் நடப்பது அதுவே. குறுந்தொகை 305இல் "குப்பைக் கோழித் தனிப்போர்" வருகிறது. விலக்கிவிடுவோர் எவருமில்லாத சண்டை அது. மற்றொரு பயிற்றுநரோடு, அதாவது உயிரிகளை வளர்த்து மோதவிடும் ஆட்டக்காரரோடு, மோதும்போது பாதியில் ஓடிவிட முடியாது என்ற விதியும் அதையே ஒத்திருக்கிறது. 'தனிப்போர்' என்றோ 'பொருதல்' என்றோ வைக்கலாம். பொரு, போர் இரண்டும் ஒரே வேர்.

ஈப்போ:

இளமைப் பெயர்கள் அழகாக இருக்கின்றன. ஆனால் ஈவி என்ற உயிரிக்கு எட்டு அடுத்த வடிவங்கள் உண்டு. எந்த விலங்கின் இளமைப் பெயரை அதற்கு இடுவது? 'போர்' எனக்கு உவப்பில்லை. இந்த ஆட்டத்தில் தோற்ற உயிரி இறப்பதில்லை. மயங்கி விழுகிறது, சிகிச்சை நிலையத்தில் தேறிவிடுகிறது. 'சண்டை' என்று எழுதினால் பள்ளித் திடலில் நடப்பதாகப் பெற்றோர் நினைப்பார்கள். 'மோதல்' போதும். 'மோது' என்பது பொத்தானிலும் அடங்கும்.

சுங்கை சிப்புட், ஆசிரியை:

அனைவருக்கும் நன்றி. நேற்று வகுப்பில் நான்கு சொற்களையும் பலகையில் எழுதி, கைப்பேசித் திரையில் ஓடிய காட்சிக்கு ஏற்ப வாக்கியம் அமைக்கச் சொன்னேன். 'கூர்ந்தது' வந்ததும் பின்வரிசையில் ஒருவன் பென்சில் சீவியை உயர்த்திக் காட்டினான்; கோலகங்சார் தம்பி தூது அனுப்பியிருப்பாரோ என்று ஐயுற்றேன். 'பரிணமித்தது' என்பதைப் பலரும் முதலில் தடுமாறியே சொன்னார்கள், பிறகு பழகிக்கொண்டார்கள். 'மோதல்' எதிர்ப்பின்றி நின்றது.

ஆகவே கையேட்டில் 'பரிணமித்தல்', 'மோதல்' ஆகியவையே போகின்றன. இயற்கையில் பரிணாமம் ஓர் உயிரிக்குள் நிகழ்வதில்லை, பல தலைமுறைகளாக நிகழ்கிறது என்ற குறிப்பை முதல் பக்கத்தின் அடியில் சேர்க்க வேண்டும் என்ற உடன்பாட்டில் சக ஆசிரியர் இசைந்தார். குழுமத்தில் பெரும்பான்மையும் இப்பக்கமே என்று கொள்கிறேன். தலைமையாசிரியர் ஐயாவுக்காக, பிச்சுவின் படத்துக்குக் கீழே 'பிக்காச்சுக் குட்டி' என்று போட்டிருக்கிறோம்.

தைப்பிங்:

குட்டிக்கு நன்றி. கூர்ப்பை விலக்கியதற்கு என் மறுப்பு பதிவில் இருக்கட்டும். இரண்டாம் பதிப்பு வரும்போது மீண்டும் எழுப்புவேன். 'பயிற்றுநர்' என்ற சொல்லை யாரும் கேள்வி கேட்காமல் விட்டுவிட்டீர்கள் என்பதையும் கவனித்தேன். 'பொருநர்' என்பதே அதற்கு உரிய சொல் என்பது என் துணிபு. காரணங்களை நாளை விரிவாக எழுதுகிறேன்.