ஈப்போ போய்வர டீசலா பெட்ரோலா? கணக்கு ஒன்று சொல்கிறது, கால் ஒன்று சொல்கிறது

கேட்பவர்: லிந்தாங் ரோட்டுக்காரன்

வணக்கம் அண்ணன்மாரே, அக்காமாரே.

சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் கிராணி வேலை. இப்போது ஈப்போ அலுவலகத்துக்கு மாற்றிவிட்டார்கள். தோட்டத்தில் இருந்தவரை காடியைப் பற்றி நான் யோசித்ததே இல்லை. வேலைக்குத் தோட்டத்து ஹைலக்ஸ் 2.4 இருந்தது, வீட்டுக்கு மனைவியின் பழைய புரோட்டோன் வீரா. இனி தினமும் போக 30, வர 30 கிலோமீட்டர், சொந்தக் காடியில், சொந்தக் காசில்.

இரண்டு பழைய காடிகளைப் பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று மஸ்டா சிஎக்ஸ்-5, 2.2 டீசல். இன்னொன்று ஹோண்டா சிட்டி 1.5. விலை ஏறக்குறைய ஒன்றுதான், சிட்டி வயதில் இளையது.

மாதத்துக்கு 1,500 கிலோமீட்டர் என்று வைத்துக் கணக்குப் போட்டேன். சிட்டி லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கொடுத்தால் 100 லிட்டர். அரசாங்க மானியப் பெட்ரோலான புடி95-இல் லிட்டர் 1.99, ஆக 199 வெள்ளி. அந்த விலைக்கு மாத அளவு ஒன்று உண்டு, 100 லிட்டர் அதற்குள்தான் என்பதால் அளவு தாண்டும் பயம் இல்லை. சிஎக்ஸ்-5 லிட்டருக்கு 14 கொடுத்தால் 107 லிட்டர். டீசல் விலை வாரா வாரம் மாறுகிறது, கணக்குக்கு 3 வெள்ளி என்று வைத்தால் 321. மாதம் 122 வெள்ளி கூடுதல். 10.6.2024-க்கு முன்னால், டீசல் 2.15 விற்ற காலத்தில், இதே ஓட்டம் 230 வெள்ளியில் முடிந்திருக்கும். ஒரே நாளில் 3.35 ஆக்கினார்களே, அன்றோடு தீபகற்பத்தில் டீசல்காரன் பாடு மாறிவிட்டது. சபா, சரவாக், லபுவானில் மட்டும் பழைய விலை.

மனைவிக்கு இந்தக் கணக்கே போதும். எனக்குப் போதவில்லை. ஹைலக்ஸ் ஓட்டிப் பழகிய கால் இது. இஞ்சின் நிமிடத்துக்கு 1,600 சுற்று சுற்றும்போதே 400 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை வந்துவிடும். மிதிக்கவே வேண்டாம், பின்னால் நின்று யாரோ தள்ளுகிற மாதிரி காடி கிளம்பும். சிட்டியை ஓட்டிப் பார்த்தேன், நல்ல காடிதான். ஆனால் செம்மோர் தாண்டி, கந்தானில் சிமெண்ட் லோரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு, எதிரே ரோடு காலியாகக் கிடைத்த அந்தக் கொஞ்ச நேரத்தில் மிதித்தால் சத்தம்தான் முதலில் வருகிறது, வேகம் அப்புறம்தான். அதன் 145 நியூட்டன் மீட்டர் முழுதாக வர 4,300 சுற்று வேண்டும். சிஎக்ஸ்-5க்கு 2,000 சுற்றில் 420.

122 வெள்ளி கொடுத்து இந்தச் சந்தோஷத்தை வாங்கலாமா? ஓட்டிப் பழகியவர்கள் சொல்லுங்கள். “ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கு” என்று யாரும் எழுத வேண்டாம், வீட்டில் ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது.

பதில்: மைவி மேனுவல்

அண்ணே, நீங்கள் ஓட்டிய சிட்டி ஆட்டோ சிவிடிதானே, படிப்படியான கியர் இல்லாதது? அதை வைத்துப் பெட்ரோல் இஞ்சினை எடை போடாதீர்கள். என்னிடம் பழைய மைவி 1.5 எஸ்இ, ஐந்து கியர் மேனுவல். இரண்டாம் கியரில் சுற்றை ஏற்றிக்கொண்டு போய், சிம்பாங் பூலாயிலிருந்து கம்போங் ராஜா ஏறிப் பாருங்கள். வளைவுக்கு முன்னால் காலை எடுத்தால் இஞ்சினே பிடித்து நிறுத்தும். டீசலில் அந்தப் பிடிப்பு குறைவு, மூக்கிலும் கனம் கூட, வளைவில் திரும்ப யோசிக்கும். டீசல் சுகம் நேர் ரோட்டுச் சுகம். சில பேருக்கு அது போதும், சரி.

பதில்: செம்மோர் வர்க்‌ஷாப்

தம்பி மைவி, ஏறும்போது உன் காடி மூச்சு வாங்குவதையும் சேர்த்து எழுதியிருக்கலாம். காற்றை அழுத்தி ஊட்டும் டர்போ இல்லாத இஞ்சின் 1,000 மீட்டர் உயரத்துக்கு ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு பலத்தை இழக்கும். அங்கே காற்று மெல்லியது. டர்போ உள்ள டீசல் அதைப் பெரும்பாலும் ஈடுகட்டிவிடும். வளைவு பற்றி நீ சொன்னது சரி, ஒப்புக்கொள்கிறேன்.

கிராணி சார், உங்கள் கணக்கில் எண்ணெய் மட்டும்தான் இருக்கிறது. ஒரு லிட்டர் டீசலில் பெட்ரோலைவிடப் பத்து, பதினைந்து விழுக்காடு சக்தி அதிகம், இஞ்சின் உள்ளே காற்றை அழுத்தும் விகிதமும் கூட. அதனால்தான் அவ்வளவு பெரிய காடி லிட்டருக்கு ஓடும் தூரத்தில் சிட்டிக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது. ஆனால் எண்ணெயில் மிச்சம் பிடித்ததை, டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் பழுதாகிக் கேட்டு வாங்கிக்கொள்ளும். அதைவிட முக்கியம் புகைபோக்கியில் இருக்கும் டிபிஎஃப் வடிகட்டி.

அதில் கரி சேரும். சேர்ந்ததை 600 டிகிரி சூட்டில் காடி தானே எரித்துக்கொள்ளும். அதற்கு ஒரே வேகத்தில் கொஞ்ச நேரம் நிற்காமல் ஓட வேண்டும். தமானிலிருந்து பாசார், பாசாரிலிருந்து பள்ளிக்கூடம், அங்கிருந்து வீடு என்று ஓட்டினால் எரிய ஆரம்பித்ததுமே சாவியைத் திருப்பி அணைத்துவிடுவார்கள். கரி அப்படியே நிற்கும், எரிக்கப் பாய்ச்சிய டீசல் இஞ்சின் எண்ணெயில் இறங்கும். இந்த மாதிரி காடிகள் என்னிடம் நிறைய வருகின்றன. காடிச் சொந்தக்காரர்கள் எல்லாரும் சொல்வது ஒன்றே: “நான் மெதுவாகத்தான் ஓட்டுவேன், தூரமே போக மாட்டேன்.” அதுதான் சார் நோயே.

உங்கள் ஓட்டம் டீசலுக்கு ஏற்ற ஓட்டம். ஈப்போவுக்குப் பழைய ரோட்டில் 30 கிலோமீட்டர் என்றால் டிபிஎஃப் சந்தோஷப்படும். நீங்கள் அலுவலகத்தில் இருக்கும்போது அந்தக் காடியை யார் ஓட்டுவார்கள்? சனி, ஞாயிறு யார்? அதைச் சொல்லுங்கள் முதலில்.

பதில்: கோலகங்சார் டீச்சர்

தம்பி, உங்கள் கணக்கில் ஒரு வரி விட்டுப்போயிருக்கிறது. அரசாங்கத்தின் புடி மடானி டீசல் உதவி, 2024-இல் தொடங்கியபோது மாதம் 200 வெள்ளி. குடிமகனாக இருந்து, காடி உங்கள் பெயரில், ரோட் டேக்ஸ் உயிரோடு இருந்து, மனைவி வருமானத்தோடு சேர்த்து ஆண்டுக்கு 100,000 வெள்ளிக்கு மேல் போகாமல் இருந்தால் விண்ணப்பிக்கலாம். 10 ஆண்டு ஆகாத ஆடம்பரக் காடிகளை மட்டும் ஒதுக்கியிருக்கிறார்கள், உங்கள் மாடல் அதில் வருகிறதா என்று வாங்குவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள். அந்த 200 கிடைத்தால் 321 போய் 121. சிட்டியைவிட 78 வெள்ளி குறைவு! எங்கள் வீட்டுப் பிக்கப்புக்கு வருகிறது. என் கணவர் அதை எண்ணெய்க் காசு என்று சொல்வார், எனக்கு அது சமையல் காசு.

ஆனால் இந்த உதவியை நம்பிக் காடியைத் தேர்ந்தெடுக்காதீர்கள். அரசாங்கம் கொடுப்பது, நாளைக்கு மாறலாம். உதவி இல்லாவிட்டாலும் 122 வெள்ளி தாங்கும் என்றால் வாங்குங்கள்.

அப்புறம், டீசலில் பி7 ஊற்றுவீர்களா, செம்பனை எண்ணெய் கூடக் கலந்த பி10-ஆ? பி7 20 சென் அதிகம். கணவருக்கு அதில் ஒரு பிடிவாதம்.

கேட்டவர்: லிந்தாங் ரோட்டுக்காரன்

டீச்சர், பி10-தான். அதில் 10 விழுக்காடு செம்பனை. இத்தனை வருடம் குலை எண்ணிக் கணக்கு எழுதியவன், வேறு எதை ஊற்றுவேன்? உதவி விஷயம் தெரியும், ஆனால் பழைய காடிக்கும் கிடைக்கும் என்று நினைக்கவில்லை. வருமானத்தில் நாங்கள் எல்லைக்குள்தான்.

ஒர்க்‌ஷாப் அண்ணே, பாசாருக்கும் பள்ளிக்கும் வீராதான். மனைவி அதை விற்க விடமாட்டார், அவர் அப்பா வாங்கிக் கொடுத்தது. டீசல் காடி என் கையில் மட்டும். ஞாயிற்றுக்கிழமை தைப்பிங்கில் மாமியார் வீடு, புக்கிட் பெராப்பிட் ஏற்றம் இருக்கிறது, ஆக அன்றைக்கும் நல்ல ஓட்டம்தான்.

மைவி தம்பி, மேனுவல் ஆசை எனக்கும் உண்டு. ஆனால் ஈப்போ காலை நேரத்து ஜெலாப்பாங் நெரிசலில் கிளட்ச் மிதித்துவிட்டு வந்து மறுபடி எழுது.

122 வெள்ளி எனக்குத் தாங்கும். வெளியே டீ குடிப்பதைக் குறைத்தாலே பாதி வந்துவிடும். டீசல் பக்கம் சாய்ந்துவிட்டேன். பழைய டீசலை வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

பதில்: செம்மோர் வர்க்‌ஷாப்

அப்படியென்றால் டீசல் எடுங்கள், நான் தடுக்க மாட்டேன்.

காலையில், இஞ்சின் ஆறிக் கிடக்கும்போது போங்கள். போனில் சொல்லிவிட்டே போங்கள், “நான் வரும்வரை ஸ்டார்ட் செய்யாதீர்கள்” என்று. பானெட்டில் கை வைத்துப் பார்த்தால் சொன்னதைக் கேட்டார்களா என்று தெரிந்துவிடும். முதலில் டிப்ஸ்டிக்கை இழுங்கள். எண்ணெய் மேல்கோட்டைத் தாண்டி நின்று, டீசல் வாடையும் அடித்தால் திரும்பி வந்துவிடுங்கள், பேரம் பேசக்கூட வேண்டாம். அடுத்து, புகைபோக்கிக் குழாய்க்குள் விரலை விட்டுத் தேயுங்கள். டிபிஎஃப் ஒழுங்காக இருக்கும் காடியில் விரல் ஏறக்குறைய சுத்தமாக வரும். மை போலக் கரி ஒட்டினால் உள்ளே உடைந்திருக்கிறது, அல்லது யாரோ வெட்டி எடுத்துவிட்டார்கள்.

இரண்டும் சரியாக இருந்தால், காடியின் கணினியைப் படிக்கும் ஸ்கேனர் போட என்னிடம் ஓட்டி வாருங்கள். உரிமையாளர் அதற்குச் சம்மதிக்காவிட்டால் சிட்டியையே வாங்குங்கள்.