மறு: 'ஸீரோ டோஸ்' குழந்தைக்குத் தமிழில் என்ன சொல்லலாம்? (கையேடு நாளை அச்சுக்கு)

> 'பூஜ்யத் தவணைக் குழந்தை' போதும். எல்லோருக்கும் புரியும்.

புரியும் ஐயா, ஆனால் தப்பாகப் புரியும். ஒன்றரை மாதத்தில் போடும் பென்டாவேலன்ட் (ஐந்து நோய்களுக்கான ஒரே தடுப்பூசி) முதல் ஊசி கிடைக்காத பிள்ளைதான் 'ஸீரோ டோஸ்' கணக்கில் வரும். பிறந்த அன்றே போட்ட பி.சி.ஜி. என்ற காசநோய்த் தடுப்பூசியின் தழும்பு அதன் இடது தோளில் இருக்கலாம். அந்தத் தழும்பைப் பார்க்கும் நர்ஸம்மா 'பூஜ்யம்' என்று எப்படி எழுதுவார்?

> பூஜ்யம் வடசொல். சுழியம் வேண்டும். பரிபாடலில் அதற்குப் 'பாழ்' என்றே உண்டு.

பழஞ்சொல்தான். ஆனால் 'பாழ்த்தவணை' என்பதை ஒரு தாயின் எதிரில் வாசிக்க எனக்கு நா எழாது.

> 'ஊசி போடாத குழந்தை'?

இதில் பழி முழுக்கத் தாய்மேல் விழுகிறது. திருவள்ளூர்ப் பக்கச் செங்கல் சூளைகளுக்கு ஒடிசாவிலிருந்து வரும் குடும்பங்களை நினையுங்கள். புதன்கிழமை ஊசி நாள். அன்று அம்மா கல் அறுத்துக்கொண்டிருப்பார். தடுப்பூசி அட்டை ஊரில் பெட்டிக்குள் கிடக்கும். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி ஒடிசாவில் 90 சதவீதத்துக்கு மேல் குழந்தைகள் அடிப்படைத் தடுப்பூசிகள் எல்லாம் பெற்றிருக்கிறார்கள், தமிழ்நாட்டில் 89. இரண்டுமே நல்ல எண்கள். அவற்றுக்கு நடுவே சூளைப் பிள்ளை விட்டுப்போகிறது. தட்டம்மை பரவாமல் தடுக்க 95 சதவீதம் பேருக்கு ஊசி போட்டிருக்க வேண்டும். அது வந்தால் முதலில் இப்படிப்பட்ட குடிசை வரிசைக்குள்தான் புகும். தொண்டை அடைப்பானும் (டிப்தீரியா) அப்படித்தான்.

அதனால் என் பரிந்துரை 'ஊசி எட்டாக் குழந்தை'. செல்லாக்காசு போல ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம், ஒற்று மிகும். எட்டாமல் போனது ஊசி என்பது சொல்லிலேயே தெரிகிறது.

---

செவிலியர் பயிற்சியிலிருந்து எழுதுகிறேன். வாய்விட்டுச் சொன்னால் எட்டு என்ற எண்தான் காதில் விழுகிறது, எட்டாவது குழந்தையா என்று கேட்பார்கள். நாங்கள் 'ஒன்றரை மாத ஊசி விட்டுப்போன பிள்ளை' என்போம்.

---

> விட்டுப்போன பிள்ளை

சரிதான் அம்மா, ஆனால் பட்டியலில் அந்தக் கட்டம் இரண்டு விரல் அகலம். தலைப்பில் 'ஊசி எட்டாக் குழந்தை', விளக்கத்தில் உங்கள் தொடர். நான்கு பேர் ஒப்புக்கொண்டார்கள், அனுப்பிவிட்டேன்.

---

சொட்டு மருந்தும் இருக்கையில் 'ஊசி' என்பதே குறை. அப்புறம், சுழியத்தை நான் கைவிடவில்லை. அடுத்த பதிப்புக்கு இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.