சிஆர்எம்மில் வாடிக்கையாளர் விவரங்களைச் சேர்க்கும் பணியை ஏஜென்டிடம் கொடுத்தபோது நேர்ந்தவை

எங்கள் விற்பனைக் குழுவின் சிஆர்எம்மில் (வாடிக்கையாளர் விவரங்களையும் தொடர்புகளையும் பதிந்து வைக்கும் மென்பொருளில்) வாடிக்கையாளர் விவரங்களைச் சேர்க்கும் பணியை, தானே படிப்படியாக வேலை செய்யும் ஓர் ஏஐ ஏஜென்டிடம் ஒப்படைத்து ஏழு மாதங்கள் ஆகின்றன. கணக்கு மென்பொருள், உதவி மையத்துக்கு வரும் டிக்கெட்டுகள் (வாடிக்கையாளர் கோரிக்கைகள்), இணையதளப் படிவம் என மூன்று இடங்களில் சிதறிக் கிடந்த தரவை ஒன்றாக்குவதே நோக்கம். முதல் மாதம் நேர்ந்த தவறு ஒரு வாடிக்கையாளரை நேரடியாகப் பாதித்தது என்பதால், அதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

ஆந்த்ரோபிக் 2024 நவம்பரில் வெளியிட்ட எம்சிபி நெறிமுறை (ஏஐயை வெளி மென்பொருள்களோடு இணைக்கும் பொது விதிமுறை) வழியாக ஏஜென்டுக்கு மூன்று டூல்களை, அதாவது அது இயக்கக்கூடிய செயல்பாடுகளை, கொடுத்திருந்தோம்: தேடுவதற்கு ஒன்று, புதிய பதிவை உருவாக்க ஒன்று, இருக்கும் பதிவைத் திருத்த ஒன்று. “தேடிப் பார், இருந்தால் திருத்து, இல்லாவிட்டால் உருவாக்கு” என்பதே நாங்கள் எழுதிய அறிவுறுத்தல்.

அந்த வாடிக்கையாளர் தாம் வாங்கிய கருவியின் பழுதைப் பற்றிக் கேட்க இணையதளப் படிவத்தை நிரப்பியிருந்தார். பழைய பதிவில் அவருடைய தொலைபேசி எண் நாட்டுக் குறியீட்டோடு இருந்தது. படிவத்தில் அந்தக் குறியீடு இல்லாமல், நடுவே இடைவெளி விட்டு எழுதியிருந்தார். மின்னஞ்சல் முகவரியும் வேறு. எனவே தேடலில் பழைய பதிவு சிக்கவில்லை. ஏஜென்ட் புதிய பதிவை உருவாக்க முற்பட்டது. சிஆர்எம் பதிவை உருவாக்கிவிட்டது, ஆனால் பதில் வந்து சேர்வதற்குள் இணைப்பு அறுந்துபோனது. ஏஜென்ட் அவசரப்படாமல் மறுபடி தேடிப் பார்த்தது. புதிதாக எழுதப்பட்ட பதிவு தேடல் முடிவுகளில் தென்படச் சிறிது நேரம் பிடிக்கும் என்பதால் ‘இல்லை’ என்றே விடை வந்தது; ஆகவே இன்னொன்றையும் உருவாக்கியது. மறுநாள் லாக்கை (ஏஜென்ட் செய்தவற்றின் பதிவேட்டை) வரிவரியாகப் படித்தபோது எந்தப் படியையும் பிழை என்று சுட்ட முடியவில்லை. ஆயினும் ஒரே மனிதர் மூன்று பதிவுகளாகி நின்றார்.

இதில் என்னை மிகவும் வருத்தியது வேறு. விற்பனை அழைப்புகள் வேண்டாம் என்று அவர் ஓராண்டுக்கு முன்பே கேட்டுக்கொண்டிருந்தார்; அந்தக் குறிப்பு பழைய பதிவில் மட்டுமே இருந்தது. புதிய பதிவுகள் இரண்டும் வெவ்வேறு விற்பனையாளர்களுக்கு ஒதுக்கப்பட, ஒரே பிற்பகலில் இருவரும் அவரை அழைத்துவிட்டார்கள். நான் மன்னிப்புக் கேட்டு எழுதிய மின்னஞ்சலுக்கு, “நான் சொன்னதை எங்கேதான் எழுதி வைத்தீர்கள்?” என்று ஒரே வரியில் பதில் எழுதினார். டூப்ளிகேட் என்றால் பட்டியலில் ஒரு வரி கூடுகிறது என்றுதான் அதுவரை எண்ணியிருந்தேன். ஒருவர் நம்மிடம் சொல்லி வைத்த சொல் அதில் தொலைந்துபோகும் என்பது அன்றுதான் புரிந்தது.

அதன்பின் உருவாக்கும் டூலையே எடுத்துவிட்டோம். இப்போது எழுதுவதற்கு இருப்பது ‘அப்செர்ட்’ செய்யும், அதாவது பதிவு இருந்தால் திருத்தி இல்லாவிட்டால் உருவாக்கும், ஒரே டூல். மூல அமைப்பில் வாடிக்கையாளருக்கு உள்ள எண்ணை எக்ஸ்டர்னல் ஐடியாக (சிஆர்எம்முக்கு வெளியிலிருந்து வரும் அடையாள எண்ணாக) வைத்து எழுதுவதால், ஒரே கோரிக்கை பத்து முறை போனாலும் பதிவு ஒன்றாகவே இருக்கும். சேல்ஸ்ஃபோர்ஸ் என்ற சிஆர்எம் மென்பொருளில் அந்த ஐடிக்கு ஒன்றுக்கு மேற்பட்ட பதிவுகள் பொருந்தினால், எதையும் எழுதாமல் 300 என்ற நிலைக் குறியீடு திரும்பி வரும். அந்த மறுப்பே எங்களுக்குப் பெரிய பாதுகாப்பு. தொலைபேசி எண்களை இ.164 வடிவத்துக்கு, அதாவது கூட்டல் குறியோடு தொடங்கி, நாட்டுக் குறியீடு உட்பட 15 இலக்கங்களுக்கு மிகாத வடிவத்துக்கு மாற்றுவதைச் சாதாரண நிரல் செய்கிறது. இதற்கு ஏஜென்ட் தேவையில்லை. மூலத்தில் காலியாக உள்ள புலம், சிஆர்எம்மில் நிரம்பியுள்ள புலத்தை அழிக்க முடியாது. ‘அழைக்க வேண்டாம்’ குறியை ஏஜென்ட் இடலாம், நீக்க முடியாது.

வெவ்வேறு அமைப்புகளிலிருந்து வரும் இருவர் ஒருவர்தாமா என்று ஐயம் எழும்போது ஏஜென்ட் உண்மையிலேயே உதவுகிறது. காரணத்தோடு ஒரு தற்காலிக அட்டவணையில் எழுதி வைக்கிறது; முடிவைக் குழுவில் ஒருவர் எடுக்கிறார். எம்சிபியில் ஒரு டூலுக்கு ‘திரும்பச் செய்தாலும் பாதிப்பில்லை’ என்று குறி இடும் வசதி இருப்பதை நம்பி நிம்மதியாக இருந்துவிட வேண்டாம். அது ஏஜென்டுக்கான குறிப்பு மட்டுமே, பின்னால் உள்ள நிரல் அப்படி நடந்துகொள்ளும் என்பதற்கு உத்தரவாதம் அன்று.

இதற்கு மற்றோர் உறுப்பினர் எழுதிய பதில்:

எங்களுக்கு ஐடியிலேயே சிக்கல் வந்தது. ஒவ்வொரு பதிவுக்கும் சேல்ஸ்ஃபோர்ஸ் தரும் 15 எழுத்து ஐடியில் ஆங்கிலப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வேறுவேறு. 18 எழுத்து ஐடியில் அந்த வேறுபாடு பொருட்டன்று. 15 எழுத்து ஐடிகளை விரிதாளில் விலுக்கப் (VLOOKUP) என்ற தேடல் சூத்திரம் கொண்டு ஒப்பிட்டோம். அது பெரிய எழுத்தா சிறிய எழுத்தா என்று பார்ப்பதில்லை. இரண்டு நிறுவனங்களின் விவரங்கள் கலந்துவிட்டன. ஏஜென்டுக்குக் கொடுத்த கோப்பே தவறாக இருந்ததால், அது என்ன செய்திருந்தாலும் பயனில்லை.

மூன்றாம் உறுப்பினர் எழுதிய பதில்:

டிக்கெட்டுகளைப் படிக்கவிடும்போது கூடுதல் கவனம் தேவை. ஒரு வாடிக்கையாளர் தம் டிக்கெட்டில், “என் பெயரில் உள்ள பழைய கோரிக்கைகளை எல்லாம் முடித்துவிடுங்கள்” என்று எங்கள் ஊழியருக்கு எழுதியிருந்தார். ஏஜென்ட் அதைத் தனக்கு இட்ட கட்டளையாகவே கொண்டு, சிஆர்எம்மில் அவருடைய நடப்பு விற்பனை வாய்ப்புகளையும் மூடிவிட்டது. அவர் தீய எண்ணத்தோடு எழுதவில்லை. தீய எண்ணத்தோடு எழுதுபவர் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அஞ்சி, டிக்கெட்டைப் படிக்கும் ஏஜென்டிடமிருந்து எழுதும் உரிமையை அன்றே எடுத்துவிட்டோம்.