புதுப்பிப்பு: நான்காம் வரிசைக் கணக்குக்கு நேர்மத் தீர்வு உண்டு

முன்பு கேட்டிருந்தேன்: தீர்வின் நான்காம் வகைக்கெழு, அத்தீர்வையே சார்ந்த விசைக்குச் சமம் (விசை தொடர்ச்சியானது, குறை எண் ஆகாது), 0, 1 முனைகளில் தீர்வும் இரண்டாம் வகைக்கெழுவும் பூச்சியம். நேர்மத் தீர்வு (முனைகளுக்கு இடையே எங்கும் பூச்சியத்துக்கு மேலே இருப்பது) இருக்குமா? விடை கிடைத்துவிட்டது.

இரண்டாம் வகைக்கெழுவைக் குறி மாற்றிப் புது மாறியாக வைத்தால், கணக்கு இரண்டு இரண்டாம் வரிசைக் கணக்குகளாகப் பிரிகிறது. இரண்டிலும் கிரீன் சார்பு (வலப்பக்கத்தோடு பெருக்கித் தொகையிட்டால் தீர்வைத் தருவது) நேர்மம். எனவே தீர்வு கீழ்நோக்கிக் குழிந்தது. 1/4 முதல் 3/4 வரை உச்சத்தின் கால் பங்குக்குக் கீழே இறங்காது. அழகே இதுதான்! இப்படிப்பட்ட சார்புகளின் கூம்பில் (கூட்டினாலும் நேர்ம எண்ணால் பெருக்கினாலும் உள்ளேயே நிற்கும் தொகுப்பில்) கிராஸ்னோசெல்ஸ்கியின் நிலைப்புள்ளித் தேற்றம் பொருந்துகிறது: விசைக்கும் தீர்வுக்கும் உள்ள விகிதம் பூச்சியத்தருகே 0-க்கும், பெரிய மதிப்புகளில் முடிவிலிக்கும் போனால் (தலைகீழானாலும் சரி) தீர்வு உண்டு.

அந்த விகிதம் எப்போதும் பையின் நான்காம் அடுக்குக்கு (சுமார் 97.4) கீழேயே இருந்தால் நேர்மத் தீர்வு கிடையாது, சைன் வளைவால் பெருக்கித் தொகையிட்டால் உடனே முரண்பாடு வரும்.

முனைகளை இறுகப் பதித்த விட்டத்துக்கு (உத்தரத்துக்கு; அங்கே முனைகளில் தீர்வும் முதல் வகைக்கெழுவும் பூச்சியம்) இந்தப் பிரிப்பு உதவாது. ஆனாலும் அங்கும் கிரீன் சார்பு நேர்மமே.