'பேக்டிராஃப்ட்' உண்மையான படமாம்! மாஸ்க் எங்கே?

கரும்புகை:
நேற்று திரைப்பித்தன் ஒரு விமர்சனம் எழுதியிருந்தார். 1991ல் ரான் ஹோவர்ட் எடுத்த 'பேக்டிராஃப்ட்' தான் தீயணைப்பு வீரர்களைப் பற்றி வந்ததிலேயே மிக உண்மையான படமாம். "பார்த்தால் தீக்குள் போய்வந்த மாதிரியே இருக்கும்" என்று வேறு ஒரு வரி. அந்த வரிதான் எனக்குப் பொறுக்கவில்லை. நான் 22 வருஷம் தீயணைப்புத் துறையில் வேலை பார்த்தவன். தீக்குள் போய்வந்தவன். ஒரே கேள்வி: கர்ட் ரஸ்ஸலின் மாஸ்க் எங்கே?

எரிகிற கட்டடத்துக்குள் மனுஷன் வெறும் முகத்தோடு நடக்கிறார். சுற்றிலும் பளீரென்று ஆரஞ்சு நிறத் தீ. எதிர்ச் சுவர் வரைக்கும் தெளிவாகத் தெரிகிறது. நிஜத்தில் கையை முகத்துக்கு நேரே நீட்டினால் விரல் தெரியாது. சுவரைத் தடவிக்கொண்டு, ஹோஸைப் பிடித்துக்கொண்டு, முட்டி போட்டுத்தான் போகவேண்டும். பி.ஏ. செட் (மாஸ்க்கும் காற்று சிலிண்டரும் சேர்ந்த மூச்சுக் கருவி) இல்லாமல் உள்ளே போனவன் நாலு மூச்சு இழுப்பதற்குள் விழுவான். இதை உண்மை என்று எழுதாதீர்கள். படித்துவிட்டு எவனாவது வெறும் முகத்தோடு உள்ளே போவான்.

திரைப்பித்தன்:
வணக்கம் சார். படம் முழுக்க மாஸ்க் போட்டால் யார் அண்ணன், யார் தம்பி என்று எப்படித் தெரியும்? கர்ட் ரஸ்ஸலும் வில்லியம் பால்ட்வினும் அந்தப் படத்தில் கண்ணாலேயே சண்டை போடுகிறார்கள். அதைக் கண்ணாடிக்குப் பின்னால் ஒளித்துவைக்கவா?

நான் உண்மை என்று சொன்னது உணர்ச்சியை. 1971ல் சின்னப் பையன் கண்ணெதிரே அப்பா சாகிறார், ஹெல்மெட் வந்து விழுகிறது. இருபது வருஷம் கழித்தும் அந்தப் பையனுக்குள் அந்தத் தீ அணையவில்லை. இது பொய்யா? கதை எழுதிய கிரெகரி வைடன் முன்பு தீயணைப்பு வீரராக இருந்தவர். அவருக்குத் தெரியாதது உங்களுக்குத் தெரியுமோ?

கரும்புகை:
அவர் வீரராக இருந்தவர் என்றால் இன்னும் மோசம். தெரிந்தே மாஸ்க்கை விட்டிருக்கிறார்கள்.

மூன்றாம்வரிசை:
நான் இந்தப் படத்தைத் தியேட்டரில் பார்த்தவள். ஹான்ஸ் ஸிம்மரின் இசையோடு கடைசியில் சவ ஊர்வலம் போகும்போது பக்கத்து சீட்டில் இருந்த பெரியவர் தேம்பித் தேம்பி அழுதார். அவர் மாஸ்க்கைத் தேடவில்லை. மூன்று ஆஸ்கர் பரிந்துரை கிடைத்த படம் இது. ஒலி, ஒலி விளைவு, காட்சி விளைவு. மூன்றையும் 'டெர்மினேட்டர் 2' தட்டிக்கொண்டு போனது, அது வேறு கதை. அந்தத் தீயை நடிகர்களுக்குப் பக்கத்திலேயே நிஜமாக மூட்டி எடுத்தார்கள். இன்று கம்ப்யூட்டரில் வரைகிற தீக்கும் அதற்கும் உள்ள வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும்.

கரும்புகை:
தீ நிஜம்தான் மேடம், நான் மறுக்கவே இல்லை. புகை எங்கே? கேமராவுக்குத் தெரிய வேண்டும் என்று புகையை எடுத்துவிட்டால் தீ அழகாகத்தான் இருக்கும். சனங்கள் பெரும்பாலும் தீயில் சாவதில்லை, புகையில் சாகிறார்கள். கார்பன் மோனாக்சைடு ரத்தத்தில் இருக்கிற ஹீமோகுளோபினோடு ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். சோஃபாவில் இருக்கிற ஃபோம் எரிந்தால் ஹைட்ரஜன் சயனைடு வரும். அதற்குத்தான் மாஸ்க். அழுத பெரியவருக்கு இது தெரிய வேண்டியதில்லை. "உண்மையான படம்" என்று எழுதுகிறவருக்குத் தெரிய வேண்டும்.

வேதிக்குடுவை:
மாஸ்க்கை ஒரு நிமிஷம் ஓரமாக வைப்போம். படத்தின் பெயருக்கே காரணமான விஷயத்தைச் சரியாகக் காட்டியிருக்கிறார்கள். மூடிய அறையில் தீ எரிந்து ஆக்ஸிஜன் தீர்ந்துபோகும். தீ படுத்துவிடும், ஆனால் சூடும், எரியாமல் மிச்சமிருக்கிற வாயுவும் அப்படியே இருக்கும். கதவைத் திறந்தால் காற்று உள்ளே பாய்ந்து, கலந்து, மொத்தமாக வெடிக்கும். திறப்பதற்கு முன்னால் கதவிடுக்கில் புகை உள்ளே போவதும் வெளியே வருவதுமாக இருக்கும். மூச்சு விடுவது போலவே. தீ விபத்துகளை விசாரிக்கிற அதிகாரியாக வரும் டி நீரோவின் பாத்திரம் தீயை உயிருள்ள ஜந்து மாதிரி பேசுவது சும்மா வசனத்துக்காக இல்லை.

கரும்புகை:
அந்த இடுக்குப் புகை சரி. கதவைத் தொட்டுப் பார்ப்பதும் சரி. தொட்டுப் பார்த்தவன் முகத்தில் மாஸ்க் இருந்ததா?

திரைப்பித்தன்:
பார்த்தீர்களா, ஒரு நல்ல விஷயம் சொன்னால் கூட மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு மாஸ்க்குக்கே வருகிறார். இந்த ஃப்ளாஷ் ஓவர் காட்சியை எடுத்த விதத்துக்காகவே ஆஸ்கர் கொடுத்திருக்கலாம்.

வேதிக்குடுவை:
ஃப்ளாஷ் ஓவர் வேறு சார். அறையில் காற்று இருக்கும்போதே சூடு ஏறி ஏறி, சுமார் 600 டிகிரி செல்சியஸில் அறையிலுள்ள எல்லாப் பொருளும் ஒரே நேரத்தில் பற்றிக்கொள்வது ஃப்ளாஷ் ஓவர். காற்று இல்லாமல் காத்திருந்து வெடிப்பது பேக்டிராஃப்ட். படத்தின் தலைப்பையே தவறாகச் சொல்கிறீர்கள்.

கரும்புகை:
நன்றி. விமர்சனம் எழுதியவரின் லட்சணம் இதுதான். போன மாதம் 'டவரிங் இன்ஃபெர்னோ' பற்றிப் பேசியபோது பால் நியூமனைத் தீயணைப்புத் தலைவர் என்று எழுதியவரும் இதே திரைப்பித்தன்தான். அந்தப் படத்தில் நியூமன் 138 மாடிக் கட்டடத்தை வடிவமைத்தவர். தீயணைப்புத் தலைவர் ஸ்டீவ் மெக்குவீன். நான் திருத்தினேன், ஒரு நன்றி கூட வரவில்லை.

திரைப்பித்தன்:
அது கை தவறி எழுதியது, அப்போதே திருத்திவிட்டேன். நீங்கள் திருத்திய தொனியைப் பற்றியும் பேசலாமா? "சினிமா பார்க்கத் தெரியாதவர்கள்" என்று எழுதினீர்கள். அதை நான் மறக்கவில்லை.

ராத்திரிஷிஃப்ட்:
ரெண்டு பேரும் ஒரு விஷயத்தைக் கவனிக்கவில்லை. மாஸ்க் இல்லாமல் போவது அந்தப் பாத்திரத்தின் குணம். கர்ட் ரஸ்ஸல் நடித்த அண்ணன் புல் மெக்காஃப்ரி, அப்பாவைப் போலவே செத்தாலும் பரவாயில்லை என்று உள்ளே பாய்கிறவன். அவனோடு வேலை பார்க்கிறவர்களுக்கே அவன் போக்கு பிடிக்கவில்லை. அமெரிக்காவில் அந்தக் காலத்துப் பழைய ஆட்கள் மாஸ்க் போடுவதைக் கேவலமாக நினைத்தார்கள். "தோல் நுரையீரல்" (லெதர் லங்ஸ்) என்று அவர்களுக்குப் பெயரே உண்டு. படம் அதைத்தான் காட்டுகிறது.

கரும்புகை:
குணம் என்றால் அவன் ஒருத்தன் மட்டும் போடாமல் இருக்க வேண்டும். மற்றவர்களும் பாதி நேரம் வெறும் முகம்தான். கூட்டத்துக்கே ஒரே குணமா?

பழைய பட்டணம்:
1991 படத்தை இன்றைய விதியால் அளப்பது நியாயமில்லை. ரெண்டு பேர் உள்ளே போனால் ரெண்டு பேர் வெளியே தயாராக நிற்க வேண்டும் என்ற விதியே அமெரிக்காவில் 1998ல்தான் வந்தது.

கரும்புகை:
அது ஆள் எண்ணிக்கை விதி. நான் ஆளைக் கேட்கவில்லை, மாஸ்க்கைக் கேட்கிறேன். அமெரிக்கத் தீப் பாதுகாப்புச் சங்கமான என்.எஃப்.பி.ஏ.வின் 1500 என்ற பாதுகாப்புத் தரநிலை 1987லேயே வந்துவிட்டது. புகைக்குள் போகிறவன் மூச்சுக் கருவி போட வேண்டும் என்று அதில் இருக்கிறது. படம் வந்தது நாலு வருஷம் கழித்து.

பழைய பட்டணம்:
தரநிலை சட்டம் ஆகாது. அதை ஏற்றுக்கொள்வது அந்தந்த ஊர்த் துறையின் இஷ்டம்.

கரும்புகை:
நுரையீரலுக்குச் சட்டமும் தரநிலையும் ஒன்றுதான்.

மூன்றாம்வரிசை:
இவ்வளவு பேசுகிறீர்களே, படத்தை முழுசாகப் பார்த்தீர்களா சார்? இதில் பாதிக் கதை துப்பறிவது. நகரமன்ற உறுப்பினர் ஸ்வேசாக் ஆட்களைக் குறைத்து நிலையங்களை மூடுகிறார், அதனால் வீரர்கள் சாகிறார்கள். அந்தக் கோபத்தில் ஸ்காட் க்ளென் நடித்த தீயணைப்பு வீரன் ஆக்ஸ் தான் கதவுகளை அடைத்து, திறந்தவுடன் வெடிக்கும்படி செய்து, சம்பந்தப்பட்டவர்களைக் கொல்கிறான். வெடிக்கிற வேகத்தில் தீயே அணைந்துவிடும், கட்டடத்தில் இருக்கிற மற்றவர்கள் தப்பிப்பார்கள் என்று கணக்குப் போடுகிறான். கொலைகாரனுக்குள்ளும் ஒரு தீயணைப்பு வீரன் இருக்கிறான். அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசினீர்களா?

ராத்திரிஷிஃப்ட்:
மேடம், கொலைகாரன் யாரென்று போட்டு உடைத்துவிட்டீர்களே! என் தம்பி இன்னும் பார்க்கவில்லை. ஸ்காட் க்ளென் வரும் ஒவ்வொரு காட்சியும் அவனுக்கு இனிமேல் வீண்.

மூன்றாம்வரிசை:
1991 படத்துக்கு என்ன ரகசியம்? தம்பி பார்க்காதது என் தப்பா?

ராத்திரிஷிஃப்ட்:
எழுதும் முன் ஒரு எச்சரிக்கை போட்டிருக்கலாம். அது மரியாதை.

தமிழ்ச்சொல்லன்:
எல்லோரும் "பேக்டிராஃப்ட்" என்றே எழுதுகிறீர்கள். தமிழில் ஒரு சொல் கூடவா இல்லை? "பின்னிழுப்பு" என்று எழுதலாமே.

வேதிக்குடுவை:
பின்னிழுப்பு என்றால் இழுப்பது மட்டும்தான் வருகிறது, வெடிப்பது வரவில்லை. "மீள்தீ வெடிப்பு" என்றால் பொருந்தும்.

தமிழ்ச்சொல்லன்:
ரெண்டு சொல்லாகிவிட்டது. ஆபத்தில் கத்திச் சொல்ல வேண்டிய சொல் சின்னதாக இருக்க வேண்டும்.

கரும்புகை:
நாங்கள் யாரும் கத்தமாட்டோம். மாஸ்க் போட்டிருப்போம், கத்தினால் காது கேட்காது. தோளைத் தட்டுவோம். வேலையில் இருந்தவனுக்குத்தான் அது தெரியும்.

பழைய பட்டணம்:
சரி கரும்புகை அவர்களே, உங்கள் கணக்கில் உண்மையான படம் எது? 2004ல் வந்த 'லேடர் 49'ஆ?

கரும்புகை:
அதில் ஒன்று பிடிக்கும். பால்டிமோரில் எரிகிற கட்டடத்துக்குள் ஒருத்தன் சிக்கிக் கிடக்கிறான். வெளியே இருக்கிற தலைவனால் காப்பாற்ற முடியவில்லை. எனக்காக இன்னும் ஆளை இழக்காதீர்கள், எல்லோரையும் வெளியே கூப்பிடுங்கள் என்று அவனே சொல்கிறான். அந்தப் பேச்சு உண்மை. நான் அப்படி ஒரு ராத்திரி வாசலில் நின்றிருக்கிறேன். உள்ளே போன கூட்டாளி மாஸ்க் போட்டிருந்தான், அதனால்தான் அவனை உயிரோடு தூக்கிக்கொண்டு வந்தோம். எனக்கு மாஸ்க் விளையாட்டு இல்லை.

திரைப்பித்தன்:
நீங்கள் பட்ட கஷ்டத்தை மதிக்கிறேன் சார். ஆனால் அதே உணர்ச்சிதான் இங்கேயும் இருக்கிறது. கடைசிக் காட்சியில் ஆக்ஸ் அந்தரத்தில் தொங்குகிறான். கையை விட்டுவிடு என்கிறான். புல் விடவில்லை. நீ போனால் நாமும் போவோம் என்கிறான். கொலைகாரன் என்று தெரிந்தும் விடவில்லை. இதைவிட உண்மை என்ன வேண்டும்?

கரும்புகை:
அந்தக் காட்சியில் சுற்றிலும் என்ன எரிகிறது என்று பாருங்கள். ரசாயனத் தொழிற்சாலை. ரசாயனத் தொழிற்சாலை சார்! மாஸ்க் இல்லாமல் அங்கே வசனம் பேசுகிறார்கள்.

பழைய பட்டணம்:
அப்படியானால் 'ஒன்லி தி பிரேவ்' என்ன? 2013 ஜூன் 30 அன்று அரிசோனாவில் யார்னெல் ஹில் காட்டுத்தீயில் ஒரே குழுவில் 19 பேர் செத்ததை வைத்து 2017ல் எடுத்த படம். அதில் யாருமே உங்கள் பி.ஏ. செட் போடவில்லை. அதுவும் பொய்யா?

கரும்புகை:
காட்டுத்தீ வேறு, கட்டடத் தீ வேறு. அவர்கள் ஒரு ஷிஃப்டில் பத்து மணி நேரத்துக்கும் மேல் மலையில் வேலை பார்ப்பார்கள். சிலிண்டர் அரை மணி, முக்கால் மணிக்கு மேல் தாங்காது. மூச்சு வாங்க உழைத்தால் அதற்கும் முன்னாலேயே தீரும். முதுகில் அந்தப் பாரத்தோடு, தீ பரவாமல் இருக்கச் செடிகொடியை அகற்றித் தடுப்புக் கோடு வெட்ட முடியாது. வாதத்துக்காக எதையும் எதோடும் முடிச்சுப் போடாதீர்கள். செத்துப்போன 19 பேரை உங்கள் சண்டைக்குச் சாட்சியாக இழுத்தது எனக்குப் பிடிக்கவில்லை.

பழைய பட்டணம்:
நான் மரியாதையோடுதான் சொன்னேன். "கட்டடத்துக்குள்" என்று முதலில் நீங்கள் சொல்லவில்லை.

கரும்புகை:
என் முதல் பதிவில் "எரிகிற கட்டடத்துக்குள்" என்றுதான் இருக்கிறது. மேலே போய்ப் படியுங்கள்.

வேதிக்குடுவை:
இன்னொன்று. தண்ணீர் ஆவியானால் 1700 மடங்கு விரியும். அவ்வளவு பெரிய தீயில் ஹோஸைத் திறந்தால் அறையே வெந்நீராவியாகிவிடும். படத்தில் ஆவியே இல்லை. மாஸ்க்கைவிட அதுதான் பெரிய குறை என்பது என் அபிப்பிராயம்.

கரும்புகை:
ஆவியில் முகம் வேகாமல் இருப்பதும் மாஸ்க்கால்தான். நீங்கள் என் பக்கம்தான் பேசுகிறீர்கள்.

வேதிக்குடுவை:
நான் யார் பக்கமும் இல்லை.

மூன்றாம்வரிசை:
தீ வைத்துச் சிறைக்குப் போனவனாக வரும் டானல்ட் சதர்லேண்ட் அங்கே உட்கார்ந்துகொண்டு தீயைப் பற்றிக் காதலியைப் போலப் பேசுகிற காட்சியைப் பற்றி ஒருத்தர் கூட எழுதவில்லை. வருத்தமாக இருக்கிறது.

ராத்திரிஷிஃப்ட்:
அதையும் முழுசாகச் சொல்லிவிடாதீர்கள் மேடம். இன்றைக்கு ராத்திரி தம்பியோடு மறுபடி பார்க்கப்போகிறேன். மாஸ்க் போட்ட காட்சிகளும் படத்தில் இருக்கின்றன என்றுதான் எனக்கு ஞாபகம். எண்ணி எழுதுகிறேன்.

கரும்புகை:
எண்ணுங்கள். போட்டது தனியாக, போடாதது தனியாக. சிலிண்டர் முதுகில் இருந்து மாஸ்க் கழுத்தில் தொங்கினால் அதைப் போடாத கணக்கில் சேருங்கள். திரைப்பித்தன் அதுவரைக்கும் "தீக்குள் போய்வந்த மாதிரி" என்ற வரியை எடுத்துவிட வேண்டும். இதுவரை என் கேள்விக்கு அவர் பதிலே சொல்லவில்லை.

திரைப்பித்தன்:
வரியை எடுக்கமாட்டேன். பதில் ரெண்டாவது பதிவிலேயே இருக்கிறது. மேலே போய்ப் படியுங்கள்.